பெங்காலி மிஸ்ஸுக்குப் போன டப்பா

என் நாத்தனார் பெங்களூரிலிருந்து போன் பண்ணினால் பெரும்பாலும் நல்ல சேதி இருக்காது. யாருக்காவது உடம்பு சரியில்லை என்பாள், இல்லையென்றால் நான் செய்யாமல் விட்ட ஏதாவது ஒன்றை ஞாபகப்படுத்துவாள். அன்றைக்கு துர்கா பூஜையில் சப்தமி. கல்கத்தா டாலிகஞ்சில் எங்கள் தெருமுனைப் பந்தலில் காலையிலிருந்து மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனை எடுத்தேன்.

"அண்ணி, தேன்குழல் பிரமாதம். வாயில வெச்சா கரையுது."

எனக்குத் தலை சுற்றிவிட்டது. அவள் என்னைப் பாராட்டிவிட்டாளே என்று மட்டும் இல்லை. நான் அவளுக்குத் தேன்குழல் அனுப்பவே இல்லை. கோடையில் மொட்டைமாடியில் பிழிந்து காயவைத்த கூழ்வத்தலைத்தான் அனுப்பியிருந்தேன். அவள் மாமனாருக்கு வத்தல் இல்லாமல் ரசஞ்சோறு இறங்காதாம், போன மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"வத்தல் வரலையா?" என்றேன்.

"வத்தலா? தேன்குழல்தான் வந்திருக்கு. நாங்க பாதியைத் தின்னே தீத்துட்டோம். வத்தல் தனியா அனுப்பறீங்களா அண்ணி?"

சரி சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். நாத்தனாருக்குத் தேன்குழல் போயிருக்கிறது என்றால், தேன்குழல் போக வேண்டிய இடத்துக்கு வத்தல் போயிருக்கிறது. தேன்குழல் போக வேண்டிய இடம் என் மகளின் டீச்சர்கள் வீடு.

இதைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக் கூழ்வத்தலைப் பார்த்திருக்க வேண்டும். அரிசிக் கூழைக் கிண்டி, பச்சைமிளகாயும் பெருங்காயமும் உப்பும் போட்டு, தேன்குழல் அச்சிலேயே சுற்றிச் சுற்றிப் பிழிவேன். காய்ந்த பிறகு பார்த்தால் அசல் தேன்குழல்தான். அதே வெள்ளை, அதே சுற்று. வித்தியாசம் வாயில் போட்டால்தான் தெரியும். ஒன்று கரையும், இன்னொன்று பல்லைக் கழற்றும். எண்ணெயில் பொரிக்காத வத்தலைக் கடித்துத் தின்னும் தைரியம் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு உண்டு, அதுவும் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு துண்டை வாயில் போட்டு ஊறவைத்துத்தான் தின்னும். இதெல்லாம் ஒரு பெங்காலி டீச்சருக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

டீச்சர்களுக்கு வீட்டில் செய்து கொடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். பூஜை லீவு விடுகிற கடைசி நாளில் பிள்ளைகள் டீச்சர்களுக்கு ஏதாவது கொடுப்பது அந்தப் பள்ளிக்கூடத்தில் வழக்கம். அம்மாக்களின் வாட்ஸாப் குரூப்பில் வாசனை மெழுகுவர்த்தி, சாக்லெட் கூடை என்று ஒரு வாரமாகப் பேச்சு ஓடியது. எனக்கு மனசு ஒப்பவில்லை. மற்ற டீச்சர்களுக்கு எப்படியோ, பெங்காலி மிஸ்ஸுக்குக் கடையில் வாங்கின மெழுகுவர்த்தியைக் கொடுத்துவிட்டு நான் எப்படி நிம்மதியாக இருப்பேன்?

அந்த அம்மா என் பிள்ளைக்கு வாயைத் திருப்பிக் கொடுத்தவர். இதில் மிகை ஒன்றும் இல்லை.

வீட்டுக்காரருக்கு பேங்கில் மாற்றலாகி நாங்கள் திருச்சியிலிருந்து கல்கத்தா வந்து இரண்டு வருஷம் ஆகிறது. திருச்சியில் என் மகள் வகுப்பில் பேசுகிறாள் பேசுகிறாள் என்று மாதத்துக்கு ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு விடுவார்கள். இங்கே வந்த முதல் வாரம் பெங்காலி வகுப்பில் எழுந்து ஒரு வரி வாசித்தாளாம். நம்ம ராகத்தில் வாசித்திருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. அவ்வளவுதான், அன்றைக்கு மூடின வாய். பெங்காலி மட்டும் இல்லை, இங்கிலீஷ் வகுப்பிலும் பேசவில்லை, கணக்கு வகுப்பிலும் பேசவில்லை. 'பிரசன்ட்' சொல்லக்கூட கையைத்தான் தூக்கினாள். "வாயில என்னடி கொழுக்கட்டையா வெச்சிருக்கே?" என்று நானும் திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். யாராவது டாக்டரிடம் காட்டுங்கள் என்று கிளாஸ் டீச்சர் சொன்ன அன்று வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

பெங்காலி மிஸ் அவளைப் பேசவே சொல்லவில்லை. ரிட்டையர் ஆகப் போகிற வயசு, ஒல்லியான உடம்பு, தோளில் எப்போதும் ஒரு ஜோல்னாப் பை. டிபன் வேளையில் இவளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய் ஸ்டாஃப் ரூம் மூலையில் உட்கார்த்தி வைத்துக்கொள்வாராம். மிஸ்ஸுக்குப் பல்வலி, ஒரு பக்கமாகத்தான் மெல்லுவார், பொரியைக்கூட டீயில் ஊறவைத்துச் சாப்பிடுவார் என்று மகள் வந்து சொல்வாள். அப்படிச் சாப்பிட்டுக்கொண்டே இவள் டப்பாவில் இருப்பதைக் காட்டி, இதற்கு உங்கள் பாஷையில் என்ன பேர் என்று கேட்பாராம். மிளகாய்ப்பொடி என்று சொல்ல அந்த அம்மா பட்ட பாட்டைப் பார்த்து என் மகள் சிரித்திருக்கிறாள். மிஸ்ஸும் கோபித்துக்கொள்ளாமல் மறுபடி மறுபடி தப்பாகச் சொல்லிச் சிரிக்க விட்டிருக்கிறார். ஒரு தமிழ் வார்த்தைக்கு ஒரு பெங்காலி வார்த்தை என்று பண்டமாற்று நடந்தது. குளிர்காலம் முடிவதற்குள் வகுப்பில் வாய் திறந்தாள். இந்தப் பூஜைக்கு முன்னாடி பார்த்தால், கீழ்வீட்டுக் காகிமாவோடு, சித்தி என்று அர்த்தம், படிக்கட்டில் நின்று அரைமணி நேரம் பெங்காலியில் வம்பளக்கிறாள். எங்களை இங்கே வந்த நாளிலிருந்து அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறவர் அந்தக் காகிமா. எனக்கு ஒரு வரி கோர்வையாக வராது. என் மகள்தான் எனக்கு மொழிபெயர்ப்பாள்.

அதனால்தான் லேக் மார்க்கெட்டுக்குப் போய், நம்ம ஊர்க் கடையில் நல்ல உளுந்தாகப் பார்த்து வாங்கி, வறுத்து அரைத்து, வெண்ணெய் போட்டுப் பிசைந்து தேன்குழல் சுட்டேன். கல்கத்தா ஈரத்துக்கு மொறுமொறுப்பு நிற்காது என்பதால் சுட்டு ஆறின கையோடு அட்டை டப்பாவில் பிளாஸ்டிக் உறையை விரித்து அடுக்கிக் கட்டினேன். கிளாஸ் டீச்சருக்கு ஒன்று, கணக்கு சாருக்கு ஒன்று, பெங்காலி மிஸ்ஸுக்கு ஒன்று. அதே கடையில் வாங்கின அதே மாதிரி இன்னொரு டப்பாவில் நாத்தனாருக்கு வத்தலை அடைத்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். டீச்சர்கள் டப்பாவுக்குக் கலர் பேப்பர் சுற்றுகிற வேலை மகளுடையது. யாரும் வரக்கூடாது என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுற்றினாள். ஃப்ரிட்ஜ் மேல் இருந்ததை, பெங்களூருக்குப் போகிற ஆபீஸ் நண்பரிடம் என் வீட்டுக்காரர் கொடுத்து அனுப்பினார்.

ஆகவே போனை வைத்ததும் நான் பாய்ந்தது அவர்மேல்தான்.

"ஃப்ரிட்ஜ் மேல இருந்ததைத்தானே எடுத்துக் குடுக்கச் சொன்னேன்?"

"அதைத்தான் குடுத்தேன்."

"அதைக் குடுத்திருந்தா அங்க எப்படித் தேன்குழல் போச்சு? கால் முளைச்சுப் போச்சா?"

"எனக்கென்ன தெரியும்? கட்டி வெச்சதும் நீ, அடுக்கி வெச்சதும் நீ. நான் கூரியர்க்காரன்."

"கையில எடுத்தா கனம் தெரியாதா ஒரு மனுஷனுக்கு? வத்தல் எவ்வளவு கனம், தேன்குழல் எவ்வளவு கனம்?"

"நான் பேங்க்ல வேலை பாக்கறேன், மளிகைக் கடையில இல்ல," என்று பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார்.

அவரோடு அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று கிளாஸ் டீச்சருக்கு ஒரு மெசேஜ் போட்டேன். பூஜை வாழ்த்து, கூடவே பலகாரம் பிடித்திருந்ததா என்று ஒரு வரி. ரொம்ப ருசி, என் மாமியார் இன்னும் கேட்கிறார் என்று பதில் வந்தது. கணக்கு சாரும் கட்டைவிரல் தூக்கிக் காட்டினார். மிச்சம் ஒரே ஆள். அந்த மூன்று பேரில் யாருக்குப் பல் சரியில்லையோ அவருக்குத்தான் கல் போயிருக்கிறது.

அந்த அம்மாவை எனக்குத் தெரியும். பள்ளிக்கூட வாசலில் நாலு தடவை பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் பழக்கம், ஆனாலும் தெரியும். குழந்தை ஆசையாகக் கொடுத்தது என்று கட்டாயம் ஒன்றை எடுத்து வாயில் வைத்திருப்பார். இவர்கள் ஊரில் இப்படித்தான் சாப்பிடுவார்கள் போலிருக்கிறது என்று மரியாதைக்குக் கடித்தும் பார்த்திருப்பார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாக, நன்றி சொல்லப் போய்ப் பல்லை உடைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

அந்தப் பதற்றத்தில் ஒரு காரியம் செய்தேன். மகளைக் கூப்பிட்டு, "பேப்பர் சுத்தினது நீதானே, டப்பாவை மாத்தி கீத்தி எடுத்தியா?" என்று கேட்டுவிட்டேன். திட்டவில்லை, கேட்கத்தான் கேட்டேன். என் குரல் எப்படி இருந்ததோ. பெங்காலி மிஸ்ஸுக்குப் போனது வத்தல், பொரிக்காத வத்தல் என்று புரிந்ததும் அவள் முகம் செத்துப்போய்விட்டது. எவ்வளவு கேட்டும் பதில் இல்லை. உள்ளே போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். வெகுநேரம் கழித்துத் தலையணைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"மிஸ் இனிமே எங்கூடப் பேசமாட்டாங்க."

"அப்படியெல்லாம் இல்லடா கண்ணு."

"அவங்களுக்கு ஏற்கெனவே பல்லு வலிம்மா."

சாயங்காலம் புதுக் கவுன் போட்டு பந்தலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கீழே காகிமா நிறுத்தி, கவுன் அழகாக இருக்கிறதே, யார் எடுத்தது என்று பெங்காலியில் கேட்டார். என் மகள் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய் நின்றாள். வாயே திறக்கவில்லை. காகிமா குனிந்து மறுபடியும் கேட்டார். தலையைக்கூட ஆட்டவில்லை. அஷ்டமியும் அப்படியே போனது, நவமியும் அப்படியே போனது. பந்தலில் அவளோடு படிக்கிற பெண் ஒருத்தி ஓடி வந்து கையைப் பிடித்தாள், இவள் கையை உருவிக்கொண்டாள். என்னிடமும் அப்பாவிடமும் தமிழில் பேசினாள், வெளியே பூட்டு.

எனக்குப் பயம் வந்துவிட்டது. பல் போனால் கட்டிக்கொள்ளலாம். இரண்டு வருஷத்தில் முளைத்த இந்தப் பேச்சு மறுபடி உள்ளே போய்விட்டால் யாரிடம் போய்க் கேட்பது? மிஸ்ஸைப் பார்த்து, அவர் வாயால் 'எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று இவள் காதில் விழுந்தால்தான் தீரும் என்று தோன்றியது. ஒன்றும் ஆகாமல் இருந்தால்தானே அப்படிச் சொல்வார் என்றும் தோன்றியது.

கிளாஸ் டீச்சரிடம் பெங்காலி மிஸ்ஸின் நம்பரும் விலாசமும் கேட்டு வாங்கினேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கம் வீடு. நேரே போய்விடலாம் என்றால் என் வீட்டுக்காரர் தயங்கினார். "பூஜையும் அதுவுமா கூப்பிடாம யார் வீட்டுல போய் நிக்கறது? அதுவும் டீச்சர் வீட்டுல? பொண்ணுக்கு மார்க் கேக்க வந்திருக்காங்கன்னு நெனைக்கப் போறாங்க." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சலாக இருந்தது.

வழி காட்டினது காகிமாதான், அவருக்குத் தெரியாமலே. தசமி முடிந்து அம்மனைக் கரைத்துவிட்டு வந்த மறுநாள், தட்டு நிறைய இனிப்போடு மேலே வந்தார். விஜயா என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டார். போன வருஷமும் இப்படித்தான் செய்தார், எனக்குத்தான் என்ன ஏது என்று சரியாகப் புரிந்திருக்கவில்லை. பெரியவர்கள் வீட்டுக்குச் சின்னவர்கள் போய்க் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும், அவர்கள் வாயில் இனிப்பைப் போடுவார்கள். தீபாவளியை ஒட்டி வருகிற காளி பூஜை வரைக்கும் யார் யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் போகலாம். "ஏன் வந்தீங்கன்னு யாரும் கேக்கமாட்டாங்க. வரலைன்னாத்தான் கேப்பாங்க," என்றார் பாதி ஹிந்தியும் பாதி சைகையுமாக.

"டீச்சர் வீட்டுக்கும் போகலாமா?"

"டீச்சர் வீட்டுக்குத்தான் முதல்ல போகணும்."

என்ன விஷயம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. காகிமாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நேரே அடுக்களைக்குப் போய் உளுந்தை எடுத்தேன். மறுபடியும் தேன்குழல் சுட்டேன். இந்தத் தடவை டப்பாவை நானே கட்டினேன், கட்டுவதற்கு முன்னால் கடித்துப் பார்த்தேன், கட்டின பிறகு சந்தேகம் வந்து மறுபடி பிரித்து இன்னொன்றைக் கடித்தேன். "அவங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வை," என்றார் இவர்.

மறுநாள் மெட்ரோவில் காளிகாட் வரைக்கும் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்தோம். ரோட்டோரமெல்லாம் பந்தல் பிரித்த மூங்கில் குவிந்து கிடந்தது. மகள் எனக்கும் அவருக்கும் நடுவில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மனசுக்குள் ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தைத் தயார் பண்ணிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். தயவுசெய்து மன்னிக்கவும், அந்தப் பண்டத்தை முதலில் எண்ணெயில் பொரிக்க வேண்டும் என்று. கடித்து முடித்த ஆளிடம் போய் இதைச் சொல்லி என்ன பிரயோசனம் என்றும் நடுநடுவே தோன்றியது.

ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் பழைய கட்டிடம், முதல் மாடி. இவர்தான் மணியை அடித்தார். உள்ளே செருப்புச் சத்தம் மெதுவாக வந்தது. கதவு திறந்தது.

மிஸ்தான். இடது கன்னம் வீங்கியிருந்தது. ஒரு பருத்தித் துணியைத் தாடையைச் சுற்றித் தலைமேல் முடிச்சுப் போட்டிருந்தார்.

தயார் பண்ணிக் கொண்டுவந்த வாக்கியம் எங்கே போனதென்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன். இவள் இனிமேல் இந்த ஊரில் யாரிடமும் பேசப் போவதில்லை, மாற்றல் வாங்கிக்கொண்டு திருச்சிக்கே போய்விட வேண்டியதுதான் என்று அந்த ஒரு நிமிஷத்தில் மூட்டை முடிச்செல்லாம் கட்டிவிட்டேன்.

அப்போது என் இடுப்புப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. என் மகள் முன்னால் போனாள். காலைத் தொடவில்லை, வணக்கம் சொல்லவில்லை, பெங்காலியில் ஆரம்பித்துவிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, பேச்சு நிற்கவில்லை. எனக்கு அங்கங்கே ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. அம்மா என்றாள், எண்ணெய் என்றாள், பல் என்றாள். கையால் எதையோ தூக்கிக் காட்டினாள், பொரிக்கிற மாதிரி காட்டினாள். மூச்சு வாங்கினாள், மறுபடி பேசினாள். அத்தனை நீளமாக அவள் பெங்காலி பேசி நான் கேட்டதில்லை. அவ்வளவு தெரியும் என்றே எனக்குத் தெரியாது.

மிஸ் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். அவள் முடித்ததும் குனிந்து, அவளை இழுத்து இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார். வீங்கின வாயால் ஏதோ இரண்டு வரி சொன்னார். என் மகள் நிமிர்ந்து பார்த்தாள். அழுகை அப்படியே நின்றது.

"உள்ளே வாங்க முதல்ல," என்றார் என்னிடம் இங்கிலீஷில்.

உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "அது எங்க பலகாரத்தாலயா?" என்பதுதான்.

"இந்தப் பல்லா? இது உங்க பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்து ஆடிக்கிட்டு இருக்கு. பூஜை முடிஞ்சு டாக்டர் கடை திறந்ததும் முதல் ஆளாப் போய் நேத்துதான் பிடுங்கிட்டு வந்தேன். பூஜை பூரா வாயைத் திறக்க முடியலை. அதான் போன்கூட எடுக்கலை."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவர் பெருமூச்சு விட்டது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். ஆனாலும் எனக்கு முழுசாகத் தீரவில்லை.

"அப்ப டப்பாவுல இருந்தது?"

மிஸ் எழுந்து அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஜன்னல் மேடையில் ஒரு கண்ணாடி ஜாடி. அடியில் கொஞ்சம் வத்தல் மிச்சம் இருந்தது. பக்கத்தில் இன்னொரு ஜாடியில் பொட்டுப் பொட்டாகப் பருப்பு வடகம், அவர்கள் போரி என்பார்களே, அது.

"திறந்து தொட்டுப் பாத்தேன். கல்லு மாதிரி இருக்கு, வெயில் வாசனை அடிக்குது. இதைக் கடிப்பாங்களா யாராவது? வெயில்ல காயவெச்ச எதுவும் எண்ணெய்க்குப் போகணும், இல்ல குழம்புக்குப் போகணும். இதுகூடத் தெரியாதா எனக்கு?"

எனக்கு என் மண்டையிலேயே ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் காகிமா எங்கள் மொட்டைமாடியில், நான் வத்தல் காயவைக்கிற அதே இடத்தில், துணியை விரித்து இந்தப் போரியைத்தான் காயவைக்கிறார். நான் காக்காய் விரட்டியிருக்கிறேன் அதற்கு! சப்தமியிலிருந்து இத்தனை நாள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தேன், ஒரு தடவையாவது அது ஞாபகத்துக்கு வந்ததா?

"அப்ப பொரிச்சீங்களா?"

"கடுகெண்ணெயில பொரிச்சு ரூயி மீன் குழம்புல போட்டேன். நல்லா ஊறி அல்வா மாதிரி ஆயிடுச்சு. பல்லே வேண்டாம். பூஜை பூரா எனக்கு அதுதான் சாப்பாடு."

நாங்கள் சைவம். முட்டை கூட வீட்டுக்குள் வராது. எங்கள் வத்தல் மீன் குழம்பில் மிதக்கிறதை நினைத்து இவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆரம்பித்த சிரிப்பை நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வர அடுக்களைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது, போகிறபோது மீன் குழம்பில் குளித்துவிட்டுப் போனால்தான் என்ன?

அப்புறம்தான் மகளுக்குக் காலைத் தொட்டுக் கும்பிட ஞாபகம் வந்தது. நாங்களும் கும்பிட்டோம். மிஸ் தேங்காய் உருண்டையும் நிம்கி என்கிற மைதா உப்புப் பலகாரமும் தட்டில் வைத்துக் கொடுத்து, மகள் வாயில் தானே ஒரு உருண்டையைப் போட்டார். நான் புது டப்பாவைக் கொடுத்தேன். திறந்து பார்த்தார். தேன்குழல் ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்த்துவிட்டு, கன்னத்தைத் தொட்டுக்கொண்டு என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"இதை நான் எப்படித் திங்கறது? என் தங்கச்சி வருவா, அவளுக்குக் குடுத்துடறேன். அந்தக் கல்லு இன்னும் இருக்கா வீட்ல?"

"இல்ல மிஸ். அதுக்கு வெயில் வரணும். கோடையிலதான்."

"சரி, காத்திருக்கேன். அதுக்குள்ள ரிட்டையர் ஆயிடுவேன். பரவாயில்லை, வீடு தெரிஞ்சுபோச்சு இல்ல?"

கிளம்புகிறவரைக்கும் மகள் வாய் ஓயவில்லை. வாயில் உருண்டையை வைத்துக்கொண்டே பெங்காலியில் பேசினாள், மிஸ் வீங்கின வாயோடு பதில் சொன்னார். இரண்டு பேரும் பேசினதில் எனக்குப் பாதி புரியவில்லை, புரியவேண்டும் என்றும் தோன்றவில்லை. நான் சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து இரண்டாவது நிம்கியை எடுத்துக்கொண்டேன். சப்தமிக்கு அப்புறம் அன்றைக்குத்தான் எனக்கு எதுவும் தொண்டையில் ருசித்து இறங்கியது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டேன். "வாசல்ல நின்னுக்கிட்டு மிஸ்கிட்ட அவ்வளவு நேரம் என்னடி சொன்னே?"

"சும்மா."

"சொல்லேன்."

வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "பேப்பர் சுத்தறப்ப எல்லா டப்பாவையும் ஒண்ணொண்ணாத் தூக்கிப் பாத்தேன். ஃப்ரிட்ஜ் மேல இருந்ததுதான் ரொம்பக் கனமா இருந்துச்சு. அதுலயும் தேன்குழல்தான், நெறைய இருக்குன்னு நெனைச்சேன். அதை மிஸ்ஸுக்கு எடுத்துக்கிட்டு மிஸ்ஸோட டப்பாவை அத்தைக்கு வெச்சுட்டேன்."

"இதையா சொன்னே?"

"ம். இதைத்தான் மொதல்ல சொன்னேன்."

இவர் அந்தப் பக்கத்திலிருந்து என்னை எட்டிப் பார்த்தார். கையில் எடுத்தால் கனம் தெரியாதா என்று நான் கேட்டது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும். நல்லவேளை, ஒன்றும் சொல்லவில்லை. அவள் தலையை இழுத்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

ஆட்டோக்காரர் திரும்பி எங்கே இறங்கணும் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பெங்காலியில் பதில் சொல்லிவிட்டாள்.